சாட்சித் துண்டு

ஷூ கெடாமல் இருந்தது. அவளுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

வாசற்கதவுக்குப் பின்னால் இருந்த மர அலமாரியின் கீழ்த்தட்டில், கம்பி ஒடிந்த குடைக்கும் பழைய மழைக்கோட்டுக்கும் நடுவில், செத்துப்போன கணவனின் கறுப்பு ஷூ கிடந்தது. போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில் அவன் கழற்றி வைத்தது. அதற்கப்புறம் அதை யாரும் தொடவில்லை. அன்று சாயங்காலம் மகளின் குடையைத் தேடிக் குனிந்தபோது கை பட்டு ஒரு ஷூ கவிழ்ந்தது. பழக்கதோஷத்தில் கட்டைவிரல் நகத்தை அதன் சோலில் வைத்து அழுத்திப் பார்த்தாள். நகம் மெத்தென்று உள்ளே போனது. விரலை எடுத்ததும் பள்ளம் மெதுவாக எழும்பி மூடிக்கொண்டது. கடையிலிருந்து வந்த புது சோல் அப்படித்தான் செய்யும்.

வேறு யாராக இருந்தாலும் நல்ல கம்பெனிச் சரக்கு என்று நினைத்துக்கொண்டு குடையை எடுத்துப் போயிருப்பார்கள். அவளால் முடியவில்லை. பிளாஸ்டிக் எப்போது கெடும், எப்படிக் கெடும் என்று பார்ப்பதுதான் அவள் பிழைப்பு.

அவள் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்துக்குக் கம்பெனிகளிடமிருந்து துண்டு துண்டாகப் பொருள்கள் வரும். வாளிக் கைப்பிடி, ஒயர் உறை, சுவிட்சுப் பெட்டி, ஷூ சோல். அவற்றை ஓர் இரும்பு அறைக்குள் தட்டுத் தட்டாக அடுக்க வேண்டும். உள்ளே எந்நேரமும் மூச்சு முட்டும் வெக்கை, சுவரில் வழியும் ஈரம். காகிதத்தில் அந்த அறைக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. வேலை செய்கிறவர்கள் வேர்வை ரூம் என்பார்கள். வெளியே வருஷக்கணக்கில் ஆகும் கெடுதலை அது சில வாரங்களில் செய்து முடித்துவிடும். உள்ளே ஒரு துண்டு போனால், அதே வார்ப்பில் வந்த இன்னொரு துண்டை ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் அடைத்து வெளியே வைப்பார்கள். அதற்குச் சாட்சித் துண்டு என்று பெயர். கடைசியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் என்ன நடந்தது என்று தெரியும். சாட்சி இல்லாமல் செய்த சோதனையை அங்கே யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவள் வீடும் ஏறக்குறைய ஒரு வேர்வை ரூம்தான். ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு லாண்டரி. அதன் கொதிகலன் காலையில் முனக ஆரம்பித்தால் சாயங்காலம் கடை அடைக்கும்வரை முனகிக்கொண்டே இருக்கும். சுவர் எப்போதும் காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுடும். மழைக்காலத்தில் அந்தச் சூட்டோடு வெளி ஈரமும் சேர்ந்துகொள்ள, சோப்பும் நனைந்த துணியும் பழைய சுண்ணாம்பும் கலந்த வாடை ஜன்னல் திறந்தாலும் போகாது. டிவி ரிமோட்டின் பட்டன்கள் பிசுபிசுத்து விரலோடு வந்தன. மழைக்கோட்டு மடித்த இடத்தில் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கிழிகிற சத்தம் போட்டது. ஒயர்கள் எண்ணெய்போல் எதையோ கசியவிட்டுத் தூசியைப் பிடித்துவைத்திருந்தன. மகளின் ஹேர்கிளிப் தொட்டால் முறிந்தது. நுரைபோல் லேசான பிளாஸ்டிக்கில் செய்த ஷூ சோலுக்கு அந்த வீடு எமன். ஈரக்காற்று உள்ளே புகுந்து கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே வரும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் காலை நுழைத்து நாலடி வைத்தால் பொலபொலவென்று கொட்டிவிடும்.

இந்த ஷூ கொட்டியிருக்க வேண்டும். அவள் அதை நிமிர்த்தி, இருந்த இடத்திலேயே வைத்து, அலமாரியைச் சாத்தினாள். பயம் என்று எதுவும் வரவில்லை. அவளுக்கு எதுவுமே வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

அவன் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்தான். காய்ச்சல் என்று படுத்தான், ஆஸ்பத்திரிக்குப் போனான், திரும்பவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அவள் செய்த முதல் காரியம் அவனுடைய சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தது. அவள் எப்போது அழுவாள் என்று உறவுக்காரர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு, நெஞ்சழுத்தக்காரி என்று பேசிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். நெஞ்சழுத்தம் எல்லாம் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட ஈறுபோல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. மரத்தது தெளியும் என்று இருந்தாள். தெளியவில்லை. ஒருமுறை வேர்வை ரூம் கதவில் முழங்கை பட்டுத் தோல் வெந்ததுகூட, பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்து இழுத்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது.

இழுத்தவள் எடை பார்க்கும் மேஜைக்காரி. ஆளும் கனம், வேலையும் கனம் என்று அவளுக்கு எல்லோரும் தராசு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஷூவைப் பார்த்த மறுநாள் மதியம், சும்மா கிடக்கிற சோல் கெடாமல் இருக்குமா என்று தராசிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். தனக்குத் தெரிந்த விஷயம்தான். வேறு பதில் ஏதாவது வந்துவிடாதா என்று ஒரு நப்பாசை.

"சும்மா கிடந்தா கண்டிப்பா உதிர்ந்துடும். தினமும் போட்டு நடந்தா தாங்கும்," என்றாள் தராசு. "மிதிக்க மிதிக்க உள்ள இருக்கிற ஈரம் வெளிய போயிடும்ல. ஏன், எங்க பார்த்தே?"

"வீட்டுல ஒரு ஷூ. கெடவே இல்ல."

"அப்ப உனக்குத் தெரியாம யாரோ அதைப் போட்டுக்கிட்டு ஊர் சுத்துறாங்க." சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அது யாருடைய ஷூவாக இருக்கும் என்று அவளுக்கே பட்டுவிட்டது. தராசுத் தட்டின் கண்ணாடி மூடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே துடைத்திருந்த மூடி.

அதற்கப்புறம்தான் சத்தம் காதில் விழ ஆரம்பித்தது. சத்தம் முன்பே இருந்திருக்கலாம். அவள் கேட்காமல் இருந்திருக்கலாம். லாண்டரிக் கொதிகலன் அடங்கிய பிறகு, சுவர் சூடு மட்டும் மிச்சமிருக்கும் அந்த அந்தி நேரத்தில், சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, முன்னறையில் தரை ஈரமாக இருக்கிற இடத்தில் ரப்பரை அழுத்தி எடுப்பதுபோல் ஒரு சின்னக் கீச்சு எழும். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் கீச்சு. இடது கால் வைக்கும்போது மட்டும் அவன் ஷூ அப்படிக் கத்தும். சந்துக்குள் நுழையும்போதே அவன்தான் என்று தெருவுக்கே தெரியும், பூனைக்கு மணி கட்டியதுபோல் உனக்கு ஒரு ஷூ என்று அவள் கேலி செய்திருக்கிறாள். அந்தக் கீச்சு முன்னறையைக் கடந்து மகளின் அறைவரை போகும். அங்கே நின்றுவிடும். பிறகு மகளின் குரல், தாழ்ந்து, எதையோ விவரமாகச் சொல்லிக்கொண்டிருக்கும். குழாய் நீர் கையில் விழுந்துகொண்டிருக்க அவள் நின்று கேட்பாள். பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்கிற மாதிரி.

யாரோடு பேசிக்கொண்டிருந்தாய் என்று ஒருநாள் கேட்டாள். யாரோடும் இல்லை என்றது குட்டி. வீட்டில் மகளுக்குப் பெயர் குட்டிதான். எட்டு வயதுக்கு ரொம்பச் சமர்த்து. அப்பா இல்லாத பிள்ளை, ஒரு தொந்தரவு கிடையாது என்று உறவுகள் புகழ்ந்தார்கள். அது உண்மைதான். காலையில் அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதே குட்டி குளித்துத் தலைவாரிக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும். தெருக்கோடியில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குத் தானாகப் போகும், தானாக வரும், வந்து ஷூவை அலமாரியில் வைத்துவிட்டு, அம்மா வரும்வரை லாண்டரியில் உட்கார்ந்திருக்கும். தலைவாரக் கற்றுக்கொடுத்தது யார் என்று அவள் யோசித்ததில்லை. இப்போது யோசித்தாள். வகிடு கோணலாக இருந்தது. நெற்றியின் நடுவில் தொடங்கி வலது காதுப் பக்கம் போய்விடும் வகிடு. அவன்தான் குட்டிக்கு அப்படி வாரிவிடுவான்.

லாண்டரிக்காரம்மாவும் ஒரு வார்த்தை கேட்டார். துணி மடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல்.

"ஏம்மா, பொண்ணுக்குக் கால்ல எதுவும் கோளாறா? டாக்டர்கிட்ட காட்டினியா?"

"நல்லாத்தானே இருக்கா அக்கா."

"சரி. வர்றப்ப போறப்ப அவ காலடிச் சத்தமே கேக்கல, அதான் கேட்டேன்." கையில் இருந்த போர்வையை இன்னொரு முறை உதறி மடித்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்தாள். கறுப்பு ஷூ இருந்த இடத்திலேயே இருந்தது. எடுத்துப் புரட்டினாள். சோலின் கோடுகளுக்குள் சேறு. காயாத சேறு. இடது குதிகாலின் வெளி ஓரம் சாய்வாகத் தேய்ந்திருந்தது. அவன் உயிரோடு இருந்தபோது இவ்வளவு தேய்மானம் இல்லை. உள்ளே கையை விட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. அது சுவரின் சூடு என்று சொல்லிக்கொண்டாள்.

அவளுக்கு அதைத் தூக்கிப் போடத் தோன்றவில்லை. குப்பையில் போட்டால் யாராவது எடுத்துக்கொண்டு வந்து கொடுப்பார்கள், இல்லாவிட்டால் அதுவே வரும். எரித்தால் நாற்றம் தெருவைத் தூக்கும். வேறொருத்தியாக இருந்தால் கோயிலுக்குப் போயிருப்பாள், சாமியாரைப் பார்த்திருப்பாள். அவள் அவளுடைய தொழில் புத்தியோடு யோசித்தாள். இந்த ஷூ நடப்பதால்தான் கெடாமல் இருக்கிறது. நடக்கவிடாமல் ஒரே இடத்தில், வெக்கையிலும் ஈரத்திலும் போட்டு அடைத்துவிட்டால் சோல் செத்துவிடும். சோல் செத்தால் நடையும் நிற்கும். ஒரு துணிப்பையில் அதைச் சுற்றி வேலைக்கு எடுத்துப் போய், யாரும் இல்லாத நேரத்தில் வேர்வை ரூமின் கடைசித் தட்டில், ஒயர்க் கட்டுகளுக்குப் பின்னால், பெயர் அட்டை எதுவும் கட்டாமல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். விதிப்படி அது பெரிய குற்றம்.

வீடு அமைதியானது. அந்தி நேரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். கொதிகலன் அடங்கும். சுவருக்குள் எங்கோ தண்ணீர் சொட்டும். பிரிட்ஜ் ஒருமுறை உடம்பை உலுக்கிக்கொண்டு நிற்கும். அவ்வளவுதான். கீச்சு இல்லை. சில வாரம் அப்படியே போனது. அவள் நன்றாகச் சாப்பிட்டாள், படுத்தவுடன் தூங்கினாள். குட்டி மட்டும் அவ்வப்போது யாரோ காதில் சொல்வதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் ஆயிரம் செய்யும் என்று விட்டுவிட்டாள்.

பிறகு ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்தது. வேர்வை ரூமுக்குள் போய் ஒயர்க் கட்டுகளை விலக்கினாள். மீனும் காடியும் சேர்ந்து அழுகியதுபோல் ஒரு நெடி முகத்தில் அடித்தது. ஷூவை எடுத்தாள். மேல்பாகம் மட்டும் கையோடு வந்தது. சோல் டீயில் விழுந்த பிஸ்கட்போல் தட்டிலேயே கொழகொழவென்று தங்கிவிட்டது. கையுறையில் ஒட்டியதைத் தேய்த்துப் பார்த்தாள். செத்துவிட்டது, சந்தேகமே இல்லை. எல்லாவற்றையும் வழித்துக் கழிவுப் பையில் போட்டுக் கட்டினாள். அவளுக்கு உள்ளே ஏதோ லேசானது. நிம்மதி என்ற சொல் கொஞ்சம் தாமதித்துத்தான் நினைவுக்கு வந்தது.

பஸ்ஸில் வரும்போது பழக்கம் அவளை அரித்தது. சாட்சி எங்கே?

சாட்சி வீட்டிலேயே இருந்தது. அவனுக்கு அந்த ஷூ வாங்கிய அன்றே, அதே கடையில், பழைய சரக்கு என்று குவித்துப் போட்டிருந்த அதே குவியலில், குட்டிக்கும் ஒரு ஜோடி வாங்கினார்கள். அதே கம்பெனி, அதே சோல். வளர்கிற கால் என்று பெரிய அளவாகப் பார்த்து வாங்கி, முனையில் பஞ்சு அடைத்துக் கொடுத்தார்கள். இப்போது பஞ்சு தேவைப்படாமல் சரியாக இருக்கும். அதைத்தான் குட்டி தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகிறது. தினமும் நடக்கிற ஷூ. அது நன்றாக இருக்கும். இருக்க வேண்டும். கிடந்தது உதிர்ந்தது, நடந்தது தாங்கியது. அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் உலகம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று படுத்துத் தூங்கலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. குட்டி இன்னும் லாண்டரியிலிருந்து வரவில்லை. அலமாரியின் மேல்தட்டில் சின்ன ஷூக்கள் இரண்டும் ஒழுங்காக ஒட்டி நின்றன. ஒன்றை எடுத்தாள். எடுத்த வேகத்தில் சோலின் பின்பாதி கழன்று அவள் பாதத்தின்மேல் விழுந்து சிதறியது.

குனிந்து பெரிய துண்டு ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். வார்ப்பில் வந்த கோடுகள் அத்தனையும் கூர்மையாக இருந்தன. தேய்மானம் இல்லை. சேறு இல்லை. தூசிகூட இல்லை. கால் வளைவுக்குக் கீழே கடைக்காரன் ஒட்டிய அளவுச் சீட்டு, எண் அழியாமல், ஓரம்கூடப் பிரியாமல் ஒட்டியிருந்தது. இன்னொரு ஷூவைத் தொட்டாள். அதுவும் கொட்டியது.

இது நடந்த ஷூ இல்லை. தரையில் பட்டதே இல்லை.

கையில் இருந்த துண்டு விரல்களுக்கு நடுவே மாவாகிக்கொண்டிருந்தது. குட்டி நடப்பதைக் கடைசியாக எப்போது பார்த்தாள்? யோசித்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தது தெரியும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தது தெரியும். வாசலில் நின்றதா? நின்றிருக்கும். நடந்ததா? இந்த வீட்டில் சின்னக் கால் ஓடும் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாகிறது? அவனுடைய ஷூவின் தேய்ந்த குதிகால் நினைவுக்கு வந்தது. இடது பக்கம். வெளி ஓரம். இடுப்பில் கனத்தை வைத்துக்கொண்டு நடக்கிறவனுக்குத்தான் அங்கே தேயும். குட்டிக்கு ஆறு வயது ஆன பிறகும் அவன் இடது இடுப்பைவிட்டு இறக்கமாட்டான், கால் எதற்கு இருக்கிறது என்று அவள் திட்டிக்கொண்டே இருப்பாள். அவன் போன அன்று கூட்டத்துக்கு நடுவே குட்டி அவளிடம் வந்து கையைத் தூக்கியது. தூக்கு என்றது. அவளால் முடியவில்லை. கை வரவில்லை. அதற்கப்புறம் குட்டி அவளிடம் கேட்டதில்லை.

வெளியே லாண்டரியில் கடை அடைக்கும் சத்தம். அடைப்பதற்கு முன்னால் கொதிகலனில் மிச்சமிருக்கும் நீராவியைக் குழாய் வழியாகச் சந்துக்குள் திறந்துவிடுவார்கள். உஸ்ஸென்று நீண்ட மூச்சு. அவள் கதவைத் திறந்தாள்.

சந்து முழுவதும் வெள்ளை. சோப்பு வாடை. லாண்டரியின் மஞ்சள் பல்பு புகைக்குள் கரைந்து தெரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து குட்டி வந்துகொண்டிருந்தது.

உயரத்தில் வந்தது.

பெரியவர்கள் முகம் இருக்கும் உயரத்தில் குட்டியின் முகம். ஒரு கை வளைந்து, ஒன்றும் இல்லாத இடத்தைச் சுற்றிப் பிடித்திருந்தது. கால்கள் இரண்டும் தொங்கின. நடையின் தாளத்துக்கு அசைந்தன. குட்டிக்குக் கீழே நீராவி ஓர் ஆளின் அகலத்துக்கு விலகி, வழிவிட்டு, பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டது. தரையில் ஈர சிமெண்டின்மேல் தடம் விழுந்தது. வெறுங்கால். பெரிய கால். ஒன்று. அடுத்தது. இடது ஓரம் அழுந்தி.

சத்தம் இல்லை.

அவளுக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் புரிந்தது. நடை நிற்கவில்லை. சத்தம்தான் நின்றிருக்கிறது. அவன் எங்கே இருக்கிறான் என்று இத்தனை நாள் அந்தக் கீச்சுதான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

தடம் வாசற்படிக்கு முன்னால் வந்து நின்றது. குட்டியின் கால்கள் அவள் வயிற்றுக்கு நேராகத் தொங்கின. மூங்கில் குச்சிபோல் மெலிந்த கால்கள். உள்ளங்கால்கள் பிறந்த குழந்தையுடையதுபோல் வழுவழுவென்று, ஒரு கோடு இல்லாமல், இளஞ்சிவப்பாக இருந்தன.

"குட்டி," என்றாள். "இறங்கி வா."

குட்டி தலையைச் சாய்த்தது. எதையோ கேட்டது. பிறகு சொன்னது, சாதாரணமாக, பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிற மாதிரி.

"அப்பா விடமாட்டாராம். ஷூ போயிடுச்சுல்ல. இனிமே ரோடு வழியா நடக்க வேண்டியதில்லையாம். இன்னைக்கே தூரமா கூட்டிட்டுப் போறேன்னு சொல்றாரு. அம்மாகிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு நான்தான் வரச் சொன்னேன்."

"எங்க?"

குட்டி மறுபடியும் கேட்டது. உதட்டைப் பிதுக்கியது.

"சொல்லத் தெரியலையாம்."

ஷூ இருந்தவரை அவன் ரோட்டில் நடந்தான். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு. ஷூவுக்குத் தெரிந்த வழி அதுதான். அதை அவள் கையாலேயே அழுகவைத்திருந்தாள்.

உள்ளே ஏதோ கிழிந்தது. அத்தனை நாள் மரத்துக் கிடந்த இடம். வலித்தது. முதலில் வந்தது பயம்கூட இல்லை, பொறாமை. இவள் என் பிள்ளை. என் இடுப்பு எங்கே போயிற்று? அவள் இரண்டு கையையும் நீட்டிக் குட்டியின் இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தாள். குட்டி சுட்டது. கனத்தது. இரண்டு வருஷத்தில் வளர்ந்த கனம் முழுவதும் கையில் வந்தது. சட்டையில் சோப்பு வாடை, அதற்கடியில் குழந்தை வாடை, அதற்கும் அடியில் ஆஸ்பத்திரி.

பாதிதான் வந்தது. மீதி வரவில்லை.

குட்டியின் அந்தப் பக்க அக்குளுக்குக் கீழே சட்டைத் துணி உள்வாங்கியது. விரல் விரலாக. ஒவ்வொரு பள்ளத்தைச் சுற்றியும் ஈரம் ஊறிப் பரவியது.

"அம்மா. வலிக்குது."

இழுத்தாள்.

"ரெண்டு பேரும் இழுக்காதீங்க."

"நீங்க விடுங்க," என்றாள் அவள், எதிரே இருந்த வெள்ளையைப் பார்த்து. அவனோடு பேசி எவ்வளவு நாளாயிற்று. "அவ எனக்கு வேணும். விடுங்க."

துணியில் பள்ளங்கள் ஆழமாயின. நீராவி மெல்ல மெல்லக் கலைந்தது. லாண்டரியின் பல்பு அணைந்தது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. சந்து தெரிந்தது, எதிர்ச்சுவர் தெரிந்தது, சுவரோடு சாய்த்து வைத்த சைக்கிள் தெரிந்தது. பிடி மட்டும் இருந்தது.

குட்டி அழவில்லை. அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. கால்கள் தொங்கின.

அவள் விடவில்லை.

பிடி மேலே போனது. மெதுவாக. படி ஏறுகிற மாதிரி. குட்டியோடு அவள் கைகளும் போயின, தோள்களும் போயின. குதிகால் வாசற்படியைவிட்டு எழும்பியது. பிறகு விரல்நுனி. காலிலிருந்து ஒரு செருப்பு கழன்று ஈரத் தரையில் விழுந்தது. அது விழுந்த சத்தம் ரொம்பக் கீழேயிருந்து வந்தது.